ரத்தம் போவதை மறைக்காதீர்கள்

மலத்தோடு ரத்தம் போகிறது என்றால், இன்று பொழுது சாய்வதற்குள் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புருஷனிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், பக்கத்து வரிசையில் காய் எடுக்கிற அக்காவிடம் சொல்லுங்கள், வீடு தேடி வருகிற ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து மறுபடி ஏலத்தட்டைக்குள் குனியாதீர்கள். கேரளத்து ஏலத்தோட்டங்கள் இருக்கிற உடும்பஞ்சோலையிலும் சாந்தன்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் வண்டன்மேட்டிலும் இப்படி மாசக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில், மூடி மறைத்தே காலம் தள்ளுகிறார்கள். கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கிற விலை சில சமயம் ஒரு முழுக் குடல்.

இந்தக் கட்டுரை பெருங்குடல் அழற்சியைப் பற்றியது. பெருங்குடலின் உள்பக்கத்து மெல்லிய சவ்வு வீங்கிச் சிவந்து, அங்கங்கே புண்ணாகி, தொட்டால் ரத்தம் கசிகிற நிலை அது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அழற்சி மலக்குடலில், அதாவது ஆசனவாய்க்கு ஒட்டிய கடைசிப் பகுதியில் ஆரம்பிக்கும். அங்கேயே நின்றுவிடலாம், அல்லது இடைவெளி விடாமல் மேலே மேலே ஏறிக் குடல் முழுவதும் பரவலாம். குரோன் நோய் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் திட்டுத்திட்டாக வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் தின்னும். இரண்டும் ஒட்டுவாரொட்டி அல்ல. மிளகாய் தின்றதால் வருவதல்ல, மாமியார் சாபத்தாலும் வருவதல்ல. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை, பரம்பரையாக வந்த ஏதோ ஒரு பலவீனத்தாலும் சூழலின் தூண்டுதலாலும் நிலைதவறி, சொந்தக் குடலின் மேலேயே பாய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் முதலில் தலைகாட்டும். அதாவது கல்யாணம், பிள்ளைப்பேறு, முழுக்கூலி வேலை எல்லாம் நடக்கிற வயசில்.

இது வெள்ளைக்காரன் நோய், நம் ஊரில் கிடையாது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினார்கள். 1859இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் சாமுவேல் வில்க்ஸ் என்ற வைத்தியர் இறந்த ஒரு பெண்ணின் குடலை அறுத்துப் பார்த்து இதைப் பற்றி எழுதியதிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம் அந்த நம்பிக்கை ஓடியது. பிறகு பஞ்சாபில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வீடு வீடாகப் போய் விசாரித்து 2003இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: லட்சத்துக்கு 44 பேருக்குப் பெருங்குடல் அழற்சி. அந்தக் கணக்கை அப்படியே நம் மலைக்கு ஏற்றிவிட முடியாது. ஆனாலும் ஓர் அளவுக்குச் சொன்னால், இருபதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் எட்டு ஒன்பது பேர். இந்தியா முழுவதும் குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்கள் 1990இல் சுமார் ஒன்றே கால் லட்சம் என்றும் 2019இல் இரண்டே முக்கால் லட்சத்தை நெருங்கிவிட்டார்கள் என்றும் உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. ஆகவே ‘நம்ம பக்கம் அதெல்லாம் ஏது’ என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நம்ம பக்கம் அது இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது. அதுதான் ஆபத்து.

போடி, கம்பம், தேனி பஸ் நிலையத்துச் சுவர்களைப் பாருங்கள். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஒரே நாளில் என்று எழுதியிருக்கும். ரத்தம் போகிறது என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் வாயில் வருவது மூலம். அடுத்தது சூடு: மருந்தடிக்கிற வாடை, காய் உலர்த்துகிற ஸ்டோர் அடுப்பின் அனல், எல்லாம் சேர்ந்து உடம்பு சூடேறிப் போச்சு, இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி. மூன்றாவது சீதபேதி. மெடிக்கல் ஷாப்பில் போய் ‘வயித்தால போகுது, சளியும் ரத்தமுமா இருக்கு’ என்றால் மெட்ரோனிடசோல் அஞ்சு நாளைக்குக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சம் குறையும், ஏனென்றால் இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். அடுத்த மாசம் திரும்ப வரும். திரும்ப அஞ்சு நாள் மாத்திரை. இந்தச் சக்கரம் இரண்டு வருஷம் சுற்றிய பிறகு, முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, ரத்தசோகை என்று சுகாதார மையத்துக்குப் போகிறாள் ஒருத்தி. சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். போன ரத்தம் எந்த வழியாகப் போனது என்று கேட்க ஆளில்லை, அவளாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

மருந்துக்கடை வைத்திருக்கிற தம்பிமாரே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஆள் மூன்றாவது தடவை அதே மாத்திரைக்கு வந்தால் கொடுக்காதீர்கள். ‘அக்கா, நீங்க டாக்டர்கிட்ட போங்க’ என்று சொல்லுங்கள். இருபது ரூபாய் வியாபாரம் போகும். போகட்டும். வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டாலும் கொஞ்சம் நிதானியுங்கள், அந்த வகை வலி மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளறிவிடக் கூடியவை. மலத்தைக் கட்டுகிற லோபெராமைடை ரத்தம் போகிறவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கடுமையாக அழன்ற குடலில் அது போய்ச் சேர்ந்தால் குடல் அசைவு நின்று, பலூன்போல ஊதி, கிழிந்துவிடவும் வழியுண்டு.

மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? மூலத்தில் பொதுவாக மலம் கழிந்த பிறகு நல்ல சிவப்பாகச் சொட்டுச்சொட்டாகவோ பீய்ச்சியோ ரத்தம் வரும், மலம் தனி, ரத்தம் தனி. அழற்சியில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும். நாளைக்கு ஐந்து தடவை, பத்துத் தடவை போக வேண்டியிருக்கும். போய் வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற கடுப்பு தீராது. நடு ராத்திரியில் தூக்கத்தை எழுப்பிவிட்டு ஓட வைக்கும். சீதபேதி பெரும்பாலும் நாள்கணக்கில் அடங்கிவிடும், இது வாரங்களைத் தாண்டும். முட்டி வீக்கம், கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமை, முழங்காலுக்குக் கீழே வலியெடுக்கும் சிவப்புத் தடிப்புகள், ஆறாத வாய்ப்புண் என்று குடலுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் அடையாளம் காட்டும். ஆனால் இந்த விவரத்தை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூலமும் அழற்சியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். குடல் புற்றுநோயும் இப்படித்தான் ரத்தத்தோடு ஆரம்பிக்கும். கண்ணால் பார்க்காமல் தெரியாது, அதற்குத்தான் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி.

அந்தப் பரிசோதனையின் பெயரைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம், பெண்கள் முக்கியமாக. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும், அது கஷ்டம்தான், ஒளிக்க வேண்டியதில்லை. மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பார்ப்பார்கள், பெரும்பாலும் அரை மணி நேர வேலை. உள்ளிருந்து கடுகளவு சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கிள்ளினால் புற்று வந்துவிடும் என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒரு பெண் துணைக்கு நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பது தப்பில்லை. சில நேரம் முழுக் குடலையும் பார்க்காமல் கடைசி ஓரடியை மட்டும் பார்த்தாலே போதும், மலக்குடலில்தானே இந்த நோய் தொடங்குகிறது.

மலத்தைச் சோதிப்பதும் இதே அளவு முக்கியம். நம் மண்ணில் அமீபா உண்டு, காசநோய் உண்டு. அமீபாவால் வரும் குடல்புண் கண்ணுக்கு அழற்சி மாதிரியே தெரியும். அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அமீபா தறிகெட்டுப் பெருகிக் குடலை ஓட்டை போட்டுவிடும். குடல் காசநோயைக் குரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தாலும் அதே கதை. ‘ஏன் இத்தனை டெஸ்ட், காசு பிடுங்கறாங்க’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இந்தச் சோதனைகள் ஆடம்பரம் அல்ல. நம் ஊரில்தான் அவை கட்டாயம்.

நோய் இன்னதென்று உறுதியான பிறகு இன்னொரு போராட்டம் இருக்கிறது. முதல் போராட்டத்தைவிட அது நீளமானது. மருந்தை விடாமல் சாப்பிடுவது.

நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண் வைத்தியர் மூட்டுவாதத்துக்காகச் சல்ஃபாசலசின் என்ற மருந்தை உருவாக்கினார். 1942இல் அது குடல் அழற்சிக்கும் கேட்கிறது என்று எழுதினார். அந்த மருந்து இரண்டு பொருள் ஒட்டிய கூட்டு. அவற்றில் எது வேலை செய்கிறது என்பது முப்பத்தைந்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சிக்குப் போயிருந்த வங்கதேசத்து வைத்தியர் ஆசாத் கான், தன் கூட்டாளிகளுடன் இரண்டையும் பிரித்து ஆசனவாய் வழியாகத் தனித்தனியே ஏற்றிப் பார்த்தார். வேலை செய்தது ஒரு பாதி, அதுதான் இன்று மெசலமின் என்ற பெயரில் நமக்குக் கிடைக்கிற மாத்திரை. நம்மைப் போலச் சோறு தின்று வளர்ந்த ஒருவர் இந்த வரலாற்றில் கைவைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். மெசலமினுக்குப் பணம் கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய சல்ஃபாசலசின் விலை குறைவு, இன்றும் நன்றாகக் கேட்கிற மருந்து. டாக்டரிடம் வெட்கப்படாமல் ‘விலை குறைஞ்சதா எழுதுங்க’ என்று கேளுங்கள். ஆனால் ஒன்று, அதைச் சாப்பிடுகிற ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், மருந்தை மாற்றினால் பழையபடி வந்துவிடும். பிள்ளை இல்லை என்று பெண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறார்கள். எல்லாருமே கொஞ்ச நாளில் செய்கிற காரியம் இது. நல்லாயிட்டேனே, இன்னும் எதுக்கு? வேலை நாள் குறைந்த மாசத்தில் மருந்துக்காசுதான் முதலில் வெட்டப்படுகிறது. மெசலமினைச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2003இல் காட்டியது. இந்த மாத்திரை ரத்தத்தை நிறுத்துவதற்காக மட்டும் கொடுப்பதல்ல, நின்றது நின்றபடியே இருப்பதற்காகக் கொடுப்பது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற தாத்தா சர்க்கரை இறங்கியதும் நிறுத்துகிறாரா? எட்டுப் பத்து வருஷம் குடல் அழன்றுகொண்டே இருந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கும். அதனால்தான் நோய் தொடங்கி எட்டாவது வருஷத்திலிருந்து அவ்வப்போது குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இரவில் ஆசனவாய் வழியாக ஏற்றுகிற மருந்தை வாங்கி வந்து, பிரிக்காமலே தூர எறிகிறவர்களும் இருக்கிறார்கள். மலக்குடலோடு நிற்கிற அழற்சிக்கு அதைவிட நேராகப் போய்ச் சேரும் மருந்து வேறில்லை. ஒரே அறை லயத்தில் மாமனார், மைத்துனன், பிள்ளைகள் எல்லாரும் படுத்திருக்க அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கயிறும் ஒரு சேலையும் கட்டித் தடுப்பு போட்டுக் கொடுக்கிற கடமை அந்த வீட்டு ஆம்பிளைகளுக்கு இருக்கிறது. அவ்வளவுகூடச் செய்ய முடியாதா?

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1955இல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் கார்ட்டிசோனைச் சோதித்துக் காட்டியபோது, கடும் அழற்சியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். இன்றும் அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் தீயணைக்க மட்டும்தான். பிரட்னிசோலோன் சாப்பிட்டால் இரண்டே நாளில் பசி எடுக்கும், வலி போகும், உடம்பு பறக்கும். அந்த ருசி கண்டு பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாசக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். திடீரென்று நிறுத்தினாலோ உடம்பு அப்படியே சுருண்டு விழும். டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பெயரெழுதாத பொட்டலத்தில் ‘மூலிகைப் பொடி’ என்று கொடுத்து, அது இரண்டு நாளில் அதிசயமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அப்படிக் கலந்தவை நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சித்த வைத்தியமோ ஆயுர்வேதமோ பார்ப்பதென்றால் பட்டம் படித்தவரிடம் போங்கள். பரிசோதனை முடிந்த பிறகு போங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மருந்தைச் சொல்லாமல் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டாருக்கு வருகிறேன். இந்த நோய் உள்ளவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இது தொற்றாது. பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பு எல்லாம் நிறுத்தி வெறும் கஞ்சித் தண்ணீரில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் குடலிலிருந்து தினமும் ரத்தமும் புரதமும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நோய் முற்றியிருக்கிற நாள்களில் நார் அதிகமான கீரைத்தண்டு, தோலோடு கூடிய பயறு, பலாக்காய் இவற்றைக் குறைத்துக் குழைந்த சோறு, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம் கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மட்டும் விடுங்கள். நோய் அடங்கியதும் மற்றவர்கள் தின்பதையே தின்னட்டும். எது தின்றால் கிளறுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை அவளே கண்டுகொள்வாள். கல்யாணம் ஆகாதவள் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். போன இடத்தில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாமல் நிறுத்திவிடுவாள், முதல் பிரசவத்திலேயே விழுவாள். இந்த நோய் உள்ளவர்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். நோய் அடங்கி மூன்று மாசமாவது ஆன பிறகு கரு நிற்பது நல்லது. வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து மெசலமினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளைக்குக் கெடுதல் மருந்தால் வருவதைவிட நோய் கிளர்வதால்தான் அதிகம்.

இனி எஸ்டேட்காரர்களுக்கு. எனக்கு அதிகக் கோபம் இங்கேதான்.

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிவதற்கு முன்னே ஜீப்பில் ஏறுகிறார்கள் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் அடைந்திருப்பார்கள் என்பதை போடிமெட்டுப் பாதையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு குலுங்க மேலே வந்து இறங்கினால் நேரே தோட்டம். சாயந்திரம் மறுபடி அதே ஜீப். இந்த நேரம் முழுவதும் அவர்களுக்குக் கழிப்பறை எங்கே? பல தோட்டங்களில் ஏலத்தட்டை மறைவுதான். மழைக்காலத்தில் அட்டைக்கு நடுவில், ஆம்பிளைகள் மருந்தடிக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஒதுங்க வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனை பேர்! நல்ல உடம்புக்காரிகளுக்கே மூத்திரக் கடுப்பும் கல்லும் வருகிறது.

அழற்சி உள்ளவளின் நிலையை யோசியுங்கள். நல்ல மலக்குடல் விரிந்துகொடுத்துத் தாங்கும், ஒரு மணி நேரம் அடக்கலாம். அழன்ற மலக்குடல் விரியாது. உந்துதல் வந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் உடுத்தியிருக்கிற துணியிலேயே. ‘எத்தனை வாட்டிதான் ஒதுங்குவே? வேலைக் கள்ளியா?’ என்று கங்காணி எல்லார் முன்னாலும் கேட்கிறார். அவள் என்ன பதில் சொல்வாள்? மறுநாள் ஜீப்புக்கு வரமாட்டாள், அவ்வளவுதான். கங்காணி அண்ணாச்சி, அந்தக் கேள்வியை இன்றோடு விடுங்கள். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒருத்தி வரிசையை விட்டுப் போனால் போகட்டும், எதற்கு என்று கேட்காதீர்கள். வருகிறபோது கைகழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அந்தக் கைதான் பூச்சிமருந்து பட்ட சரத்தையும் சோற்றுப் பொட்டலத்தையும் தொடுகிறது. ஜீப் டிரைவர் தம்பியும் கேட்டுக்கொள்ளட்டும். நடு வழியில் நிறுத்தச் சொன்னால் முனகாமல் நிறுத்துங்கள்.

முதலாளிமாரே, சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல். ஏலத்தோட்டத்தையும் பின்னால் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, எளிதில் போய் வரும் இடத்தில் போதுமான கழிப்பறை வைக்க வேண்டும், குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்று அது அன்றே சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தபோதும் கழிப்பறைக் கடமை காணாமல் போகவில்லை. பழைய சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது ஐந்து எக்டேரும் பதினைந்து ஆளும் உள்ள தோட்டங்களைத்தான். உடும்பஞ்சோலையில் அதற்குக் கீழே உள்ள தோட்டங்கள் எண்ணமுடியாதவை. இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயி, ‘எனக்குச் சட்டம் இல்லை’ என்று சொல்லலாம். ஆனால் உங்கள் தோட்டத்தில் குனிகிறவளுக்கும் பெரிய எஸ்டேட்டில் குனிகிறவளுக்கும் ஒரே குடல்தான். பக்கத்துப் பக்கத்து நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து, நாலு வேலியும் சந்திக்கிற மூலையில், தகரம் அடைத்த ஒரு மறைவும் ஒரு குழியும் ஒரு டிரம் தண்ணீரும் வைக்க எவ்வளவு ஆகும்? காயை உலர்த்துகிற ஸ்டோரில் ஒரு ராத்திரி விறகுக்கும் கரண்டுக்கும் போடுகிற கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். காயின் பச்சை நிறம் மங்காமல் இருக்கச் சூட்டை டிகிரி டிகிரியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

பெண்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு இதே கேரளத்தில் சாட்சி உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் வருஷக்கணக்கில் போராடினார். 2018இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் விஷயத்தில் 2021இல் தமிழ்நாடும் அதே வழிக்கு வந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைப் பெண்கள் கட்சித் தலைவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தேயிலைக்காரிகள் கூலிக்கும் போனசுக்கும் உட்கார்ந்தார்கள். ஏலக்காரிகள் கழிப்பறை கேட்டு ஒரு மனு எழுதினால் குடி முழுகிவிடாது. பஞ்சாயத்து மெம்பரிடம் கொடுங்கள், தொழிற்சங்கத்தில் கொடுங்கள். நோய் உள்ளவள் மட்டும் தனியாகக் கேட்டால் அவளை அடையாளம் காட்டியதாகிவிடும். எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானின் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்குப் பள்ளிக்கூட வயசிலிருந்தே பெருங்குடல் அழற்சி. 2007இல் பதவியை விட்டது அந்த நோயால். பிறகு ஜப்பானில் கிடைக்கத் தொடங்கிய ஒரு மெசலமின் மாத்திரையால் தேறி, திரும்பவும் பிரதமராகி ஏழரை வருஷத்துக்கு மேல் நாட்டை நடத்தினார். 2020 ஆகஸ்ட் 28ஆம் தேதி தொலைக்காட்சி காமிராக்களுக்கு முன், நோய் திரும்பிவிட்டது, விலகுகிறேன் என்று சொன்னார். அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது, அது வேறு. தன் குடலைப் பற்றி நாடறியப் பேச அவருக்கு நா கூசவில்லை.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள், நம் வைத்தியம் இரண்டு பக்கமும் அலைகிறது. ஒரு மாசம் தேனி மருத்துவக் கல்லூரி, ரத்தம் நிற்கவில்லை என்று அடுத்த மாசம் மதுரை ராஜாஜி, பிறகு யாரோ சொன்னார்கள் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிக் கோட்டயம். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பம், பழைய மருந்து என்னவென்று கேட்டால் ‘வெள்ளைக் கலர் மாத்திரை’. ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, எல்லாச் சீட்டையும் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள். கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் சதைச் சோதனை ரிப்போர்ட்டையும் எந்த ஆஸ்பத்திரியிலும் விட்டு வராதீர்கள், நகல் கொடுங்கள். எந்த ஊர்க் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைப் படுக்கையில் விழுவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே தொடருங்கள்.

உடம்பின் காவல்படையை அடக்குகிற அசதியோபிரின் போன்ற மருந்து எழுதியிருந்தால் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போகத் தவறாதீர்கள். ஆரம்ப வாரங்களில் முடி கொத்தாக உதிர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மறுநாளே போங்கள், நம் நாட்டு உடம்புகளில் சிலருக்கு அந்த மருந்து வெள்ளணுக்களை ஒரேயடியாகச் சரித்துவிடும். எந்த மருந்தாலும் அடங்காமல் போனால் பெருங்குடலையே எடுத்துவிடுகிற ஆபரேஷன் இருக்கிறது. பயங்கரமாகத் தோன்றும். பெருங்குடல் இல்லாமல் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், குரோனைப் போலன்றி இந்த நோய் அதோடு குடலை விட்டுப் போகிறது.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத ராத்திரிகளும் உண்டு. நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் ரத்தமாகப் போய், கூடவே காய்ச்சல் இருந்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 90ஐத் தாண்டினாலோ, வயிறு உப்பிக் கல்லாகித் தொடவிடாமல் வலித்தாலோ, போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்று வயிறு மட்டும் ஊதினாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டினாலோ, அந்த நேரமே ஜீப்பைக் கூப்பிடுங்கள். நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ‘ரத்தமா போகுது, இத்தனை நாளா போகுது, இத்தனை வாட்டி போகுது’ என்று அந்த மூன்றையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினால் மறுபேச்சு இல்லாமல் கிளம்புங்கள். ஜீப் வாடகைக்குக் கையில் காசில்லை என்றால் கங்காணி வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.